விலை குறைந்த, திருகு இல்லாத கோல்ஃப் மட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை நந்தனத்திலுள்ள காஸ்மோ டி.என்.ஜி.எஃப். கோல்ஃப் மைதானத்தின் பயிற்சித் தளத்திலும், கிண்டியில் ஆடிப் பழகிய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும், புதிதாக மட்டை வாங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். நான் மட்டை விற்பவன் அல்லன். ஆகவே எந்தப் பக்கமும் சாய வேண்டிய தேவை எனக்கில்லை. இடம், வலம் என்று வரும் இடங்களிலெல்லாம் வலக்கை ஆட்டக்காரரை வைத்தே எழுதியிருப்பதால், இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

"அட்ஜஸ்டபிள் இல்லை, அதனால்தான் விலை கம்மி" என்கிறார்கள். எதைத்தான் அட்ஜஸ்ட் பண்ண முடியாது?

பந்தைத் தொலைதூரம் அடிக்கும் நீண்ட மட்டையான டிரைவரின் தலையும் ஷாஃப்டும் (தண்டும்) சேரும் கழுத்தில் ஓர் உறையும் திருகும் இருந்தால், உடன் தரப்படும் சிறிய ஸ்பேனரால் தலையைக் கழற்றி, உறையைத் திருப்பிப் பொருத்தி, லாஃப்ட் கோணத்தை (பந்தைத் தொடும் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவை) ஒன்று அல்லது ஒன்றரை டிகிரி, சில மாதிரிகளில் இரண்டு டிகிரி வரை கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். வேறு சில டிரைவர்களில், தலையின் அடிப்பகுதியில் இடம் மாற்றி வைக்கக்கூடிய எடைத் துண்டுகளும் இருக்கும். இந்த இரண்டு வசதியும் இல்லாமல், தலையை எப்பாக்ஸி பசையால் ஷாஃப்டோடு நிலையாக ஒட்டியிருப்பதைத்தான் அட்ஜஸ்டபிள் அல்லாதது என்கிறார்கள்.

டிரைவருக்கு அடுத்த நீள மட்டைகளான ஃபேர்வே உட், ஹைபிரிட் ஆகியவற்றுக்கும் இதே பேச்சு பொருந்தும். நடுத்தூரத்துக்கான ஐயன், குறுந்தூரத்துக்கான வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் ஆகியவை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பெரும்பாலும் ஒட்டப்பட்டவையே. ஆகவே இந்த வாக்குவாதம் பெரும்பாலும் பையிலுள்ள ஒரே ஒரு மட்டையான டிரைவரைப் பற்றியது.

விலை இவ்வளவு இறங்குகிறதே, உள்ளே மட்டமான சரக்கா?

உறை, திருகு, அவற்றைத் துல்லியமாகக் கடையும் செலவு ஆகியவை போய்விடுகின்றன. கார்பன் மேல்மூடிக்குப் பதிலாக முழுத் தலையையும் உலோகத்திலேயே செய்வது, தேர்ந்தெடுக்க ஐந்தாறு ஷாஃப்டுகளுக்குப் பதிலாக ஒன்றிரண்டு மட்டும் தருவது, பெரிய விளம்பரம் இல்லாமல் விற்பது ஆகியவற்றாலும் விலை குறைகிறது. கிளீவ்லாந்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட லாஞ்சர் எச்பி டிரைவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கழுத்தில் திருகு இல்லாமல் ஏறத்தாழ 300 டாலருக்கு அது வந்த அதே ஆண்டில், கேலவே நிறுவனத்தின் எபிக் டிரைவரின் விலை 500 டாலராக இருந்தது. அப்போதும் இங்கே கேட்கும் இதே பேச்சுதான்: ஒரு சாரார் "இந்தக் காலத்தில் ஒட்டிய டிரைவரா?" என்றார்கள், மறு சாரார் "ஒரு முறை வைத்த திருகை நான் தொட்டதே இல்லை, அதற்கு ஏன் பணம்?" என்றார்கள்.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். பெயர்பெற்ற நிறுவனத்தின் சிக்கன வரிசை வேறு. பையோடு சேர்த்து ஒரே அட்டைப் பெட்டியில் வரும் மிக மலிவான தொகுப்பு வேறு. பின்னதில் டிரைவரின் தலை டைட்டானியமாக இல்லாமல் அலுமினியக் கலவையாக இருக்கக்கூடும். பெட்டியில் "அலாய்" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த உலோகம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கொடுங்கள்.

விலை குறைந்தால் தூரமும் குறையும்தானே?

பந்து மட்டையின் முகத்துக்கு நடுவில் பட்டால், பெரும்பாலும் குறையாது. மட்டையின் முகம் எந்த அளவுக்குப் பந்தைத் திருப்பித் தள்ளலாம் என்பதற்கு கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. ஆகிய இரு அமைப்புகளின் விதி உச்சவரம்பு வைத்திருக்கிறது, பலரும் 0.83 என்று சொல்லும் எண் அதுதான். தலையின் கன அளவும் 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நல்ல நிறுவனங்களின் டைட்டானிய டிரைவர்கள், விலை எதுவானாலும், இந்த வரம்பை ஒட்டியே செய்யப்படுகின்றன.

வித்தியாசம் தெரிவது பந்து மட்டை முகத்தின் ஓரத்தில் படும்போதுதான். விலை கூடிய தலைகளில் கார்பனைப் பயன்படுத்தி மிச்சப்படுத்திய எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள்; அதனால் தவறிய அடியிலும் இழப்பு சற்றுக் குறையும். ஆனால் ஒட்டிய டிரைவருக்கும் இதே கணக்கில் ஓர் ஆதாயம் உண்டு. கழுத்தில் உறையும் திருகும் இல்லாததால் மிச்சமாகும் சில கிராமைத் தலையின் அடியிலும் பின்புறத்திலும் வைத்துவிட முடிகிறது. பந்தை உயர எழுப்பத் திணறுபவருக்கு இது நேரடியாக உதவும்.

டிவியில் ஆடும் பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் ஒட்டின டிரைவர் வைத்துக்கொள்வதில்லையே?

இன்று பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் எடையைத் தவிர வேறெதையும் மாற்றும்படி, டிரைவர் உள்ளிட்ட உட் வகை மட்டைகளைச் செய்வதற்கு விதி இடம் கொடுத்ததே 2008 ஜனவரியில்தான். அதற்கு முன்பு 2007 முடிய டைகர் வுட்ஸ் வென்ற 13 மேஜர் (முதன்மைப் போட்டி) பட்டங்களும் லாஃப்டைத் திருப்ப முடியாத டிரைவரால் வென்றவை. அவருக்குத் தலையையும் ஷாஃப்டையும் அளந்து பொருத்தித் தர ஆள் இருந்தார்கள் என்பது உண்மை. கவனிக்க வேண்டியதும் அந்த அளத்தலைத்தான்.

கடையில் 9, 10.5, 12 என்று மூன்று இருக்கிறது. 12 எடுத்தால் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். எதை எடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அட்ஜஸ்டபிள் டிரைவர் என்பது, பிற்பாடு பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று மடிப்பில் துணி விட்டுத் தைத்த பள்ளிச் சீருடை போன்றது. ஒட்டிய டிரைவரில் அந்த மடிப்பு கிடையாது. வாங்கும் நாளில் எந்த லாஃப்டைத் தேர்ந்தீர்களோ அதோடுதான் ஆட வேண்டும். எனவே விலையில் மிச்சமான பணத்தில் ஒரு சிறு பங்கை முதலில் அளப்பதற்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம். நகரத்தில் பயிற்சியாளர்கள் சிலரிடம் லாஞ்ச் மானிட்டர் என்னும் அளவுக் கருவி இருக்கிறது. அரை மணி நேரம் அடித்துப் பார்த்தால் உங்கள் வீச்சு வேகமும் பந்து எழும் கோணமும் தெரிந்துவிடும்.

பொதுவான கணக்கைச் சொல்வதென்றால், வீச்சு வேகம் மணிக்கு 85 மைலுக்குக் கீழே இருப்பவருக்கு 12 டிகிரியோ அதற்கு மேலோ பொருந்தும். 90 முதல் 100 வரை இருப்பவருக்கு 10.5; அதற்கு மேலே போனால்தான் 9-ஐப் பற்றி யோசிக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் ஆடும் ஆண்களில் பெரும்பாலோர் 90-ஐ ஒட்டியே இருக்கிறார்கள். ஆனால் பயிற்சித் தளத்தில் எவரைக் கேட்டாலும் தம் வேகம் 105 என்பார்! 9 டிகிரியை எடுத்துக்கொண்டு, பந்து எழாததால் உடலைப் பின்னால் சாய்த்து அடிக்கப் பழகி, அந்தப் பழக்கத்தைப் போக்க ஓராண்டு பாடம் கேட்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஐயம் இருந்தால் கூடுதல் லாஃப்ட் பக்கமே சாயுங்கள். கிண்டலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எண் மட்டையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று: மட்டையில் பொறித்திருக்கும் எண்ணுக்கும் உண்மையான கோணத்துக்கும் தயாரிப்பில் ஒரு டிகிரி வரை வேறுபாடு இருக்கலாம். இது விலை உயர்ந்தவற்றிலும் உண்டு. ஆகவே 10.5 என்று எழுதிய இரண்டு மட்டைகள் கடையில் இருந்தால், இரண்டையும் அடித்துப் பார்த்து எடுக்கலாம்.

எனக்குப் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. திருப்பிச் சரிசெய்ய முடியாத மட்டையை வாங்கி என்ன பயன்?

திருகைத் திருப்பினால் ஸ்லைஸ், அதாவது இந்த வலப்பக்க வளைவு, போய்விடும் என்ற நம்பிக்கை எப்படி வந்தது என்று முதலில் பார்க்கலாம். உறையைத் திருப்பி லாஃப்டைக் கூட்டும்போது, மட்டையைத் தரையில் இயல்பாக வைத்தால் அதன் முகம் சற்று இடப்பக்கம் மூடிக்கொள்ளும். அதோடு, லாஃப்ட் கூடக் கூடப் பந்தின் பக்கவாட்டு வளைவும் குறையும். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஸ்லைஸ் கொஞ்சம் அடங்குகிறது. இதில் இரண்டாவது பலன் ஒட்டிய மட்டையிலும் கிடைக்கும்: முந்தைய பதிலில் சொன்னபடி 12 டிகிரியை எடுத்தாலே போதும்.

மேலும், சிக்கன வரிசைகள் பெரும்பாலும் ஸ்லைஸ் அடிப்பவர்களை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. தலையின் உட்புறத்தில் எடையைக் குதிகால் பக்கம் (ஷாஃப்ட் சேரும் ஓரம்) ஒதுக்கியிருப்பார்கள். சிலவற்றில் முகம் ஷாஃப்டுக்குச் சற்றுப் பின்தங்கி இருக்கும். ஆகவே உங்கள் குறைக்கு மருந்து மட்டையிலேயே ஊறியிருக்கிறது என்று சொல்லலாம். சிக்கல் எதிர்ப்பக்கம் உள்ளவருக்குத்தான். பந்து ஏற்கெனவே இடப்பக்கம் வளைகிறது, அதாவது ஹூக் அடிக்கிறது என்றால், இத்தகைய தலை அதை மோசமாக்கும். நீக்குவதற்குத் திருகும் இல்லை. ஹூக் உள்ளவர்கள் இந்த வரிசைகளைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

மட்டையை வெளியிலிருந்து உள்ளே இழுத்து ஸ்லைஸை உண்டாக்கும் வீச்சை எந்த மட்டையாலும் திருத்த முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது பாடத்தால்தான் போகும்.

இடது கை ஆட்டக்காரருக்கும் பெண்களுக்கும் இதில் தேர்வு இருக்கிறதா?

குறைவு. ஒட்டிய மட்டையில் ஒவ்வொரு லாஃப்டுக்கும் தனித்தனித் தலை செய்ய வேண்டியிருப்பதால், விற்பனை குறைவான இடக்கைப் பிரிவில் ஒரே ஒரு லாஃப்டோடு நிறுத்திவிடுகிறார்கள். இடக்கைக்காரருக்கு ஓர் அட்ஜஸ்டபிள் தலை மூன்று தலைகளின் வேலையைச் செய்யும் என்பதால், அவர்களுக்கு மட்டும் கூடுதல் விலை நியாயமானதே. பெண்களுக்கான சிக்கன வரிசைகளில் லாஃப்ட் பொதுவாகத் தாராளமாகவே இருக்கும். ஷாஃப்டின் நீளமும் எடையும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும்.

காலையில் ஒரு காற்று, மதியம் கடற்காற்று. காற்றுக்குத் தகுந்தபடி லாஃப்டை மாற்ற முடிந்தால் நல்லதில்லையா?

முடிந்தாலும் மாற்றக் கூடாது. கோல்ஃப் விதி 4.1-இன்படி, ஆட்டம் தொடங்கிய பிறகு மட்டையின் தன்மையை வேண்டுமென்றே மாற்றி, அந்த மட்டையால் ஓர் அடி அடித்துவிட்டாலே தகுதிநீக்கம்தான். அடிப்பதற்கு முன் பழைய நிலைக்கே திருப்பிவிட்டால் மட்டும் தப்பலாம். ஆகவே ஏழாவது குழியில் கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்தால், அட்ஜஸ்டபிள் வைத்திருப்பவரும் உங்களைப் போலவே டீயை (பந்தைத் தாங்கும் முளையை) சற்றுத் தாழ்த்தி, மட்டையை ஓர் அங்குலம் கீழே பிடித்துத்தான் அடிக்க வேண்டும்.

பருவத்துக்குப் பருவம் மாற்றலாமே என்பது இதைவிட நல்ல வாதம். கத்திரி வெயிலில் காய்ந்த ஃபேர்வேயில் (குழியை நோக்கிச் செல்லும் புல்வெளியில்) பந்து உருண்டோடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்போது லாஃப்டைக் கூட்டிக் காற்றிலேயே தூரத்தைச் சம்பாதிப்பது பயனுள்ளது. இப்படிச் செய்பவர்கள் உண்டு. ஆனால் திருகுள்ள மட்டை வைத்திருக்கும் என் நண்பர்களில் பலருக்கு அந்த ஸ்பேனர் வீட்டில் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் ஆடுவோம். அங்கே மலைக்காற்றுக்கு லாஃப்டைக் குறைக்க வேண்டாமா?

பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பது இது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் பந்து சென்னையில் போவதைவிட ஏறத்தாழ 8 முதல் 10 சதவீதம் அதிகத் தூரம் போகும் என்பது சரி. ஆனால் அதே மெலிந்த காற்று பந்தைத் தூக்கிப் பிடிப்பதும் குறைவு. பந்து தாழ்வாகவே போகும். ஆகவே அங்கே பயன்படுவது கூடுதல் லாஃப்ட்தான். ஐந்தாவது பதிலில் சொன்னபடி தேர்ந்திருந்தால் மலையிலும் அதுவே போதும். பந்து வளைவதும் அங்கே குறையும் என்பது ஸ்லைஸ் அடிப்பவர்களுக்கு ஒரு சிறு விடுமுறைப் பரிசு.

ஐயன்களையும் மாற்ற முடியாது என்றால், உயரமான எனக்கு எப்படிப் பொருந்தும்?

ஐயனில் திருகு இல்லையே தவிர, மாற்றமே முடியாது என்பதில்லை. இடுக்கியில் பிணைத்து, கழுத்தை வளைத்து, லை கோணத்தை (தரையில் வைத்த மட்டையின் தண்டு தரையோடு அமைக்கும் கோணத்தை) திருத்தித் தரும் மட்டைத் தச்சர்கள் இருக்கிறார்கள். எந்த உலோகம் என்பதுதான் கேள்வி. மென்மையான கார்பன் எஃகில் அடித்துச் செய்த ஐயன் எளிதில் வளையும். சிக்கன வரிசைகளில் பெரும்பாலானவை 17-4 என்னும் துருப்பிடிக்காத எஃகில் வார்க்கப்பட்டவை, அது கடினமானது. ஒரு டிகிரி, கவனமாகச் செய்தால் இரண்டு டிகிரி வளைக்கலாம். அதற்கு மேல் முயன்றால் முறிந்துவிடும் அபாயம் உண்டு. லை அதிகமாக நிமிர்ந்திருந்தால் பந்து இடப்பக்கமும், படிந்திருந்தால் வலப்பக்கமும் போகும். லாஃப்ட் கூடிய வெட்ஜில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்.

தலை லேசாகத் தோன்றுகிறது. ஈயப் பட்டை ஒட்டலாமா, விதிக்குப் புறம்பா?

ஆட்டத்துக்கு முன்பே ஒட்டிவிட்டால் புறம்பில்லை. நடுவில் வேண்டுமென்றே பிரித்தெடுக்கக் கூடாது. ஏறத்தாழ 2 கிராம் சேர்த்தால் மட்டையின் வீச்சு எடை, அதாவது வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தோன்றுகிறது என்பதன் அளவு, ஒரு படி கூடும். குதிகால் பக்கம் ஒட்டினால் ஸ்லைஸ் சற்று அடங்கும் என்றும், அதற்கு எதிரான விரல் பக்கம் ஒட்டினால் ஹூக் அடங்கும் என்றும் சொல்வார்கள். திசை சரி, ஆனால் இரண்டு மூன்று கிராமில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

ஷாஃப்ட் பிடிக்கவில்லை என்றால் முழு மட்டையையும் தூக்கிப்போட வேண்டியதுதானா?

இல்லை. கழுத்தைச் சூடாக்கிப் பசையை இளக்கி, பழைய ஷாஃப்டை உருவி, புதியதை ஒட்டி, ஒரு நாள் காய விட வேண்டும். உறை உள்ள மட்டையில் இதையே இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம். என்னைக் கேட்டால், அட்ஜஸ்டபிள் கழுத்தின் உண்மையான பலன் லாஃப்ட் மாற்றத்தைவிட இதுதான். மூன்று நான்கு ஷாஃப்டுகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவர் சிக்கன வரிசையில் நிம்மதியாக இருக்க மாட்டார்.

பதினான்கு வயது மகன் வளர்ந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு அட்ஜஸ்டபிள்தானே சரி?

வளரும் பிள்ளைக்கு மாறுவது உயரமும் வலுவும். திருகால் மட்டையை நீட்ட முடியாது. லாஃப்டை ஒரு டிகிரி குறைப்பதால் மட்டும் அவனுக்கு அடுத்த ஆண்டு அது பொருந்திவிடாது. ஷாஃப்டும் நீளமும் மாற வேண்டும். எனவே விலை குறைந்த ஒட்டிய மட்டையை இரண்டு ஆண்டுகளுக்கு வைத்துக்கொண்டு, பிறகு மாற்றுவதே கணக்குப்படி சரி. டெகத்லான் கடைகளில் கிடைக்கும் இனெசிஸ் போன்ற தொடக்க வரிசையில் அரை செட் (ஏறத்தாழப் பாதி மட்டைகள்) எடுத்தால் போதுமானது. 14 மட்டை என்பது பையில் வைத்துக்கொள்ளக்கூடிய உச்ச எண்ணிக்கையே தவிர, கட்டாயம் அல்ல.

பசை நம் ஊர் வெயிலைத் தாங்குமா? கார் டிக்கியிலேயே வைத்துவிடுகிறேன்.

மைதானத்து வெயிலைத் தாங்கும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி வேறு விஷயம். அங்கே மாதக்கணக்கில் கிடந்தால் கிரிப்பின் (கைப்பிடியின்) அடியிலுள்ள ஒட்டுப்பட்டை முதலில் நழுவும், கழுத்துப் பசையும் மெல்லப் பிடிப்பை இழக்கக்கூடும். வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் திருகுள்ள மட்டையில் வேறு தொல்லை உண்டு: உப்புக்காற்றில் திருகு இறுகிக்கொள்ளும்.

அமெரிக்காவிலிருந்து அக்கா மகன் வருகிறான். அதே விலைக்கு அங்கே நான்கு வருடம் பழைய அட்ஜஸ்டபிள் கிடைக்கிறதாம். புதிய சிக்கன டிரைவரா, பழைய உயர்தர டிரைவரா?

கேள்விகளிலேயே சிக்கலானது இதுதான். நான்கு ஆண்டுப் பழைய உயர்தரத் தலை, முகத்தில் விரிசல் இல்லாமல் இருந்தால், இன்றைய சிக்கனத் தலைக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. ஓரத்து அடிகளில் அதைவிட மேலாகவே இருக்கும். விற்கும்போதும் திருகுள்ளதற்கு ஆள் எளிதில் கிடைப்பார். வாங்குபவர் தமக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ளலாம் என்பதே காரணம். ஆனால் உத்தரவாதம் இராது. அங்கே புதிதாக வாங்கினாலும் அந்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மேலும், போலிகள் மலிந்திருப்பது பெயர்பெற்ற அட்ஜஸ்டபிள் டிரைவர்களில்தான். சிக்கன வரிசையைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.

என் தீர்ப்பு இதுதான்: லாஞ்ச் மானிட்டரில் அளந்து, வேண்டிய லாஃப்டும் ஷாஃப்டும் தெரிந்தவர் புதிய ஒட்டிய டிரைவரைத் தயங்காமல் வாங்கலாம். அளக்கவில்லை, அளக்கும் எண்ணமும் இல்லை என்பவருக்குப் பழைய அட்ஜஸ்டபிளே பாதுகாப்பு. மருமகனிடம் மூன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்: திருகின் தலை தேய்ந்திருக்கக் கூடாது, உறை அந்த நிறுவனத்துடையதாகவே இருக்க வேண்டும், ஏனெனில் ஒரு நிறுவனத்தின் உறை இன்னொன்றின் தலையில் பொருந்தாது, ஸ்பேனர் கூடவே வர வேண்டும். ஸ்பேனரைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், மட்டைப் பையிலேயே போட்டு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.